பண்டிதை இரமாபாய்

மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காடு ஒன்று உண்டு. துங்கையும் பத்திரையும் பிறக்கும் அவ்விடம் இன்று கருநாடக மாநிலத்தைச் சார்ந்துள்ளது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அக்காட்டின் நடுவே ஒரு குடிலமைத்து, அனந்த சாத்திரி டோங்கரே என்னும் மராட்டியப் புலவர் வாழ்ந்து வந்தார். ஊரில் வாழவேண்டிய புலவர் காட்டிற்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் இளமையில் பூனா நகரில் கல்வி பயின்றபொழுது, தம் ஆசிரியர் பேஷ்வாவின் மனைவியார்க்கு வடமொழி கற்பித்ததைக் கண்டார். பெண்ணும் கற்கலாம் என்னும் எண்ணம் அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பின்னர் அவர் தம் மனைவி இலக்குமிபாய்க்கு வடமொழி கற்பிக்கத் தொடங்கினார். உற்றாரும் ஊராரும் அதனைப் பொறுக்கவில்லை. பழிச்சொல்லுக்கு அஞ்சிக் கொள்கையை விடுவதைவிட ஊரை விடுவதே நன்று எனக் கருதி, அவர் காட்டை நாடினார்.

அக்குடிலில் 1858ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 23ஆம் நாள் பிறந்த பெண் மகவே இரமாபாய். குழந்தைக்கு ஆறு திங்கள் நிரம்பியபொழுது குடும்பம் காட்டை விட்டுத் திருத்தலப் பயணம் புறப்பட்டது. பிரம்புக் கூடையொன்றில் வைக்கப்பெற்று, ஓர் ஆளின் தலைமீது அமர்ந்து, இரமாபாய் தம் முதற்பயணத்தை மேற்கொண்டார். அன்று தொடங்கிய பயணம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நின்றபாடில்லை.

கோயில்களிலும் ஆற்றுத்துறைகளிலும் அமர்ந்து புராணம் படித்துப் பொருள் கூறுவதே அக்குடும்பத்தின் தொழில். கேட்போர் மனமுவந்து இட்ட அரிசியும் மாவும் காசும் அவர்களின் வாழ்வுக்கு ஆதாரமாயின. தாயே மகளுக்கு ஆசிரியையானார். பொழுது புலரும்முன் மகளை எழுப்பி மடிமீது இருத்திக்கொண்டு பாடம் சொல்லுவார். பதினைந்து வயதை எட்டுமுன் பாகவதத்தின் பதினெண்ணாயிரம் செய்யுட்களும் இரமாபாய்க்கு மனப்பாடமாயின.

அனந்த சாத்திரியார் வரும் பொருளைச் சேர்த்து வைப்பவர் அல்லர். தமக்கு வந்ததைத் தலங்களில் பிறருக்கு வழங்குவதே அறம் என்று அவர் நம்பினார். கையில் இருந்தவரை வழங்கினார். ஆனால் 1870க்குப் பின் வந்த ஆண்டுகளில் தென்னாட்டைப் பஞ்சம் பற்றியது. இடுவோர் கைகளே வெறுங்கைகளான காலத்தில், புராணம் கேட்பார் யார்? இருந்த பாத்திரங்களும் துணிகளும் ஒவ்வொன்றாக விலையாயின. உடலுழைப்பைக் குலப்பெருமை தடுத்தது. வாய்விட்டு இரப்பதை மானம் தடுத்தது. பதினொரு நாட்கள் அவர்கள் காட்டில் நீரையும் இலைகளையும் உண்டு கழித்தனர். சில திங்களுக்குள் தந்தை மறைந்தார். அவரைத் தொடர்ந்து தாயும், பின்னர் மூத்த சகோதரியும் மறைந்தனர். எஞ்சியவர் இரமாபாயும் அவர்தம் தமையன் சீனிவாசனுமே. பிறர்க்குக் கொடுத்தே வாழ்ந்த குடும்பம், கேட்கத் தெரியாமையால் அழிந்தது என்னும் நினைவு அவரை விட்டு அகலவே இல்லை.

அண்ணனும் தங்கையும் நாலாயிரம் மைல்களுக்கு மேல் கால்நடையாகவே நாட்டைச் சுற்றினர். சீலம் ஆற்றங்கரையின் கடுங்குளிருக்குப் போர்வையின்றி, மணலில் குழிதோண்டிப் படுத்து, உலர்ந்த மணலையே போர்வையாக மூடிக்கொண்டனர். இவ்வாறு அலைந்து 1878ஆம் ஆண்டில் கல்கத்தா நகரை அடைந்தனர். இருபது வயது மங்கை ஒருத்தி வடமொழியில் தங்குதடையின்றிப் பேசுவதைக் கேட்ட அந்நகரத்துப் புலவர்கள் வியந்து, பண்டிதை என்னும் பட்டத்தையும் சரசுவதி என்னும் பட்டத்தையும் வழங்கினர். புகழ் வந்தது, ஆனால் தமையன் 1880ஆம் ஆண்டில் இறந்துபட்டான். அவ்வாண்டிலேயே விபின் விகாரி என்னும் வங்க வழக்கறிஞரை, சாதி வேறுபாட்டைக் கருதாது இரமாபாய் மணந்தார். மனோரமா என்னும் பெண்மகவு பிறந்தது. 1882ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாந்திபேதி கணவரைக் கொண்டு சென்றது. இருபத்து மூன்று வயதில், கைக்குழந்தையோடு, இரமாபாய் கைம்பெண்ணானார்.

அக்காலத்தில் உயர்குலத்துக் கைம்பெண்ணின் நிலை கொடிதாக இருந்தது. ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் மணம் முடிக்கப்பெற்ற சிறுமியர், கணவன் முகத்தை நன்கு அறியுமுன்னரே கைம்மை எய்தினர். தலை மழிக்கப்பெற்று, ஒருவேளை உண்டு, வீட்டின் ஒரு மூலையில் ஏவல் செய்து, நற்காரியங்களில் முகங்காட்டாமல் அவர்கள் வாழவேண்டியிருந்தது. 1881ஆம் ஆண்டுக் குடிமதிப்பு இந்திய நாட்டுக் கைம்பெண்களை இரண்டு கோடிக்கு மேல் என எண்ணிக் காட்டியது. அவர்களுட் சிறுமியராக இருந்தவர்க்கேனும் கல்வியும் கைத்தொழிலும் கற்பித்துத் தம் காலில் நிற்கச் செய்யவேண்டும் என்பதே இரமாபாயின் நோக்கமாயிற்று.

பூனாவுக்கு வந்த அவர் ஆரிய மகளிர் சமாசத்தை நிறுவினார். அரசாங்கம் அமைத்த கல்விக் குழுவின்முன் தோன்றி, பெண்களுக்கு ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் தேவை என்று எடுத்துரைத்தார். பெண்களின் கடமையைப் பற்றி மராத்தியில் ஒரு நூல் எழுதி, அதன் விற்பனைப் பொருளைக் கொண்டே 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மருத்துவம் பயிலவே அவர் சென்றார். செவிப்புலன் குறைந்திருந்தமையால் அவ்வெண்ணம் கைகூடவில்லை. அவ்வாண்டிலேயே அவர் கிறித்தவ சமயத்தைத் தழுவினார். செல்ட்டன்காம் நகரத்து மகளிர் கல்லூரியில் வடமொழி கற்பித்துக்கொண்டே தாமும் கற்றார்.

அந்நாளில் ஆனந்திபாய் சோசி என்னும் மராட்டிய மங்கை அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மகளிர் மருத்துவக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தார். 1886ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் அவர் பட்டம் பெறும் விழாவைக் காண இரமாபாய் அமெரிக்கா சென்றார். சிலகாலமே தங்கித் திரும்ப எண்ணியவர், இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் தங்க நேர்ந்தது. அவரைத் தங்கச் செய்தது அந்நாட்டுப் பெண்களின் ஒரு பழக்கமே.

அமெரிக்கப் பெண்களுக்கு அக்காலத்தில் நாட்டுத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. பெரும்பாலான இல்லங்களில் பணப்பெட்டியின் திறவுகோல் கணவரிடமே இருந்தது. ஆயினும் வீட்டுச் செலவில் மிச்சம்பிடித்த சில்லறை அவர்கள் கையில் இருந்தது. அச்சில்லறையை அவர்கள் ஒன்றுசேர்க்கக் கற்றிருந்தனர். மெதடிசுட்டுத் திருச்சபைப் பெண்கள் சிலர் 1869ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் ஒரு சங்கம் கண்டனர். வாரத்திற்கு இரண்டு சென்ட்டு வீதம் ஆண்டுக்கு ஒரு டாலர் கொடுப்பவர் அதில் உறுப்பினராகலாம். இரண்டு சென்ட்டு எந்த ஏழை வீட்டிலும் இருக்கும். அச்சிறு காசுகளின் திரளே இலக்குமணபுரிக்கு இசபெல்லா தோபர்ன் என்னும் ஆசிரியையையும் பரேலிக்குக் கிளாரா சுவெயின் என்னும் மருத்துவரையும் அனுப்பி வைத்தது. ஆண்கள் நடத்திய பெரிய சங்கங்கள் முதலில் இதனை நகைத்தன என்பதில் வியப்பில்லை; ஒரு பணக்காரரின் ஒரு கையெழுத்துக்கு ஈடாக ஐம்பது வீடுகளின் கதவைத் தட்டுவது வீண் வேலையாகவே தோன்றும். ஆனால் தட்டப்பெற்ற கதவுகள் பின்னர் மூடவில்லை.

இரமாபாய் இதனைக் கூர்ந்து நோக்கினார். தாம் எண்ணிய இல்லத்திற்கு ஒருமுறை வந்து தீர்ந்துவிடும் பெருந்தொகை போதாது. ஆண்டுதோறும் தவறாது வரும் சிறுதொகையே வேண்டும் என்பது அவருக்கு விளங்கியது. சிறுமி ஒருத்தியை எட்டு வயதில் ஏற்றுக்கொண்டால், அவள் ஆசிரியையாகி வெளியேறப் பத்து ஆண்டுகள் ஆகும். இடையில் பணம் நின்றால் அவள் மீண்டும் அந்த மூலைக்கே திரும்பவேண்டியவள் ஆவாள்.

முதலில் அவர் ஒரு நூலை ஆங்கிலத்தில் எழுதினார். உயர்குல இந்துப் பெண்களின் வாழ்வை விளக்கும் அந்நூல் 1887ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் வெளிவந்தது. பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பிய ஆனந்திபாய் நோய்வாய்ப்பட்டு, மருத்துவத் தொழிலைத் தொடங்குமுன்னரே, இருபத்திரண்டு வயது நிரம்பாத நிலையில், அவ்வாண்டுப் பிப்பிரவரித் திங்களில் உயிர்நீத்தார். இரமாபாய் தம் நூலைத் தம் தாயின் நினைவுக்கு உரிமையாக்கினார். மகளிர் மருத்துவக் கல்லூரியின் தலைவி இரேச்சல் பாட்லி அம்மையார் அதற்கு முன்னுரை வரைந்தார். படிகள் ஆயிரக்கணக்கில் விற்றன. வந்த பொருள் இல்லத்திற்கே சேர்ந்தது.

நூல் அவரை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. ஆனால் பொருளைத் திரட்டியது அவர் கால்களே. வெண்சேலை உடுத்து, கத்தரித்த தலைமயிரோடு, சிற்றுருவினராகிய அவர் மேடையில் ஏறி நிற்பார். அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் முப்பதாயிரம் மைல் வரை பயணம் செய்தார். மாதா கோயில்களிலும் மகளிர் கழகங்களிலும் கல்லூரிகளிலும் பேசினார். மரக்கறி உணவையன்றி வேறெதனையும் அவர் கொள்ளவில்லை. பயணத்தின் இடையே சிறுவர்க்குக் கற்பிக்கும் குழந்தைத்தோட்ட முறையையும் பயின்று, தம் மாணவியர்க்கென மராத்திப் பாடநூல்கள் எழுதவும் தொடங்கினார்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் பேச்சைக் கேட்ட மாணவர்கள் தமக்குள் ஒரு வட்டத்தை அமைத்துக்கொண்டனர். இரமாபாய் வட்டம் என்று அது பெயர் பெற்றது. அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் பத்து ஆண்டுகளுக்குக் கொடுப்பதாக வாக்களித்தனர். முதல் வட்டம் அதுவே. பின்னர் ஊர்தோறும் வட்டங்கள் எழுந்தன. ஒரு டாலர் அக்காலத்தில் ஏறத்தாழ மூன்று ரூபாய்க்குச் சமம். மாணவர் ஒருவர் அதனைத் தந்தையைக் கேளாமலே தம் கைச்செலவிலிருந்து கொடுக்கலாம். இல்லத்தரசி ஒருத்தி கணவரைக் கேளாமலே கொடுக்கலாம். இரமாபாய் தொகையை அவ்வளவு சிறிதாக வைத்ததன் நுட்பம் இதுவே. அவர் தொகையில் சிறிதும் காலத்தில் பெரிதுமாகக் கேட்டார். இருபது வயதில் வாக்களித்த மாணவர், கல்லூரியை விட்டு வெளியேறி, தொழில் தேடி, மணம் புரிந்து, வேறு ஊர் சென்ற பின்னரும் அவ்வொரு டாலரை நினைவு வைத்து அனுப்பவேண்டும். பத்து ஆண்டுகள் நினைவு வைப்பது ஒரு டாலரைக் கொடுப்பதைவிட அரிய செயல்.

ஆகவே நினைவூட்டுவதற்கு ஓர் அமைப்புத் தேவைப்பட்டது. 1887ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் பாஸ்டன் நகரில் இரமாபாய் சங்கம் தோன்றியது. எட்வர்டு எவரெட்டு ஹேல் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் தலைவரானார். மதுவிலக்கு இயக்கத்தின் தலைவி பிரான்சிசு வில்லார்டு அம்மையார் முதலியோர் துணைத்தலைவராயினர். எனினும் நாள்தோறும் நிகழவேண்டிய வேலையைத் தாங்கியவர்கள் செயற்குழுவின் தலைவி சூடித் ஆண்ட்ரூசு அம்மையாரைப் போன்ற பெண்களே. வட்டங்களின் பணம் சங்கத்தின் பொருளாளரிடம் சேர்ந்தது. ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் அச்சாகி வெளிவந்தன. இரமாபாய் பணத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. கொடுத்தவர் கேட்குமுன் கணக்குக் காட்டுவது என்னும் இவ்வழக்கம் அவருக்குப் பின்னாளில் பெருந்துணை செய்தது.

சங்கத்தார் ஓர் உறுதியையும் பெற்றனர். இல்லத்தில் எச்சமயமும் வற்புறுத்தப்பெறாது. மாணவியர் தத்தம் குலவழக்கப்படி உண்டு வாழலாம். சமயத்தில் முழு உரிமை உண்டு என்பதே அது. இரமாபாய் அதற்கு உடன்பட்டார். இவ்வுறுதியை நம்பியே நாட்டிலும் இரானடே, பண்டார்க்கர், தெலாங்கு போன்ற சான்றோர் அவருக்கு ஆலோசனைக் குழுவாக அமைந்தனர்.

1888ஆம் ஆண்டின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தினின்று புறப்பட்டு, சப்பான், ஆங்காங் வழியாக அவர் தாய்நாடு திரும்பினார். 1889ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் பம்பாய் நகரில் சாரதா சதனம் என்னும் இல்லம் திறக்கப்பெற்றது. ஆனந்திபாய் பட்டம் பெற்ற நாளும் அதே மார்ச்சு 11ஆகும். தொடக்கத்தில் சேர்ந்த மாணவியர் இருவரே. அவ்விருவருள் கோதுபாய் என்னும் இளங்கைம்பெண்ணும் ஒருவர். இரு மாணவியர்க்காக ஒரு கண்டத்தின் ஊர்களெல்லாம் டாலர் சேர்த்ததைக் கண்டு நகைத்தவர்களும் உளர். அடுத்த ஆண்டில் இல்லம் பூனாவுக்கு மாறியது. சங்கத்தின் பொருளால் அங்கே வீடும் நிலமும் வாங்கப்பெற்றன. மாணவியர் பெருகினர்.

அதன்பின் வந்ததே கடுஞ்சோதனை. இரமாபாய் விடியலில் தம் அறையில் தம் சமயப்படி வழிபாடு செய்வார். அவ்வறையின் கதவை அவர் மூடுவதில்லை. சிறுமியர் சிலர் தாமாகவே உள்ளே வந்து அமரத் தொடங்கினர். சிலருடைய மனம் கிறித்தவத்தின்பால் திரும்பியது. செய்தி வெளியே பரவியது. திலகரின் கேசரி முதலிய இதழ்கள் கடுமையாகத் தாக்கின. 1893ஆம் ஆண்டில் ஆலோசனைக் குழுவினர் விலகினர். பெற்றோரும் பாதுகாவலரும் இருபதுக்கு மேற்பட்ட மாணவியரை அழைத்துச் சென்றனர்.

இவ்வழக்கில் இருபாலார் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தம் அறையில் தாம் வழிபடும் உரிமையையும், விரும்பி வருபவரை விலக்காதிருக்கும் உரிமையையும் இரமாபாய் விட்டுக்கொடுக்க மறுத்தார். திறந்த கதவுக்குள் தாமே வருவது வற்புறுத்தலாகாது என்பது அவர் கருத்து. எட்டு வயதுச் சிறுமிக்குத் தன்னை வளர்க்கும் தாய்போன்றவரின் செயலே பெரிய வற்புறுத்தல் அன்றோ என்பது பெற்றோரின் கவலை. உறுதியை நம்பிப் பிள்ளையை ஒப்படைத்தவர் மனம் நொந்ததில் தவறில்லை. கற்றுக்கொண்டிருந்த பெண்கள் பாதிப் பாடத்தில் வீட்டு மூலைக்குத் திரும்பினர் என்பதுதான் எவராலும் மறுக்கமுடியாத இழப்பு. செய்தி பாஸ்டனையும் எட்டியது. கொடுத்தவர்கள் அப்பொழுதே கையை மடக்கியிருக்கலாம். சங்கத்தார் அவ்வாறு செய்யவில்லை. அவர்கள் இரமாபாயின் பக்கமே நின்றனர்; டாலர் நிற்கவில்லை.

அமெரிக்காவிலும் ஒரு சிறு பூசல் எழுந்தது. சுவாமி விவேகானந்தர் அந்நாட்டில் சொற்பொழிவு ஆற்றிவந்தபொழுது, கைம்பெண்களின் நிலை அத்துணைக் கொடிதன்று என்னும் கருத்துப்படக் கூறினாரெனப் புரூக்ளின் நகரத்து இரமாபாய் வட்டத்தார் இதழ்களில் மறுப்பு எழுதினர். பிறநாட்டார் இரக்கத்தைத் தூண்டுவதற்காகத் தாய்நாட்டின் இருளை மட்டும் காட்டுவதா என்று சுவாமிகளின் அன்பர்கள் வினவினர். இந்நிலையில் 1895ஆம் ஆண்டில் சுவாமிகள் புரூக்ளினில் நிகழ்த்திய சொற்பொழிவொன்றின் வருவாயை, கல்கத்தாவை அடுத்த வராகநகரில் சசிபத பானர்சி நடத்திவந்த கைம்பெண் பள்ளிக்கு அளித்தார். பூசலால் இன்னொரு கைம்பெண் இல்லமும் பயன் பெற்றது.

பத்து ஆண்டு வாக்குறுதி 1898ஆம் ஆண்டில் முடிவுறும். வாக்களித்த மாணவர் சிலர் மறந்திருக்கலாம், சிலர் இறந்திருக்கலாம். மீண்டும் கைநீட்டுவதற்கு முன், தம் இல்லம் ஓரளவேனும் தன் உழைப்பில் வாழவேண்டும் என்று இரமாபாய் எண்ணினார். பூனாவிலிருந்து ஏறத்தாழ 35 மைல் தொலைவில் உள்ள கேடுகாம் என்னும் சிற்றூரில் நூறு ஏக்கர் அளவுள்ள நிலத்தை வாங்கினார். வறண்ட நிலம் அது. கிணறுகள் வெட்டப்பெற்றன, பழமரங்கள் நடப்பெற்றன. டாலர் நின்றால் பழம் காக்கும் என்பது அவர் கணக்கு.

மரங்கள் காய்க்குமுன் பஞ்சம் வந்தது. 1896ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் நடு மாகாணங்கள் பஞ்சத்தால் வாடின. வழியோரங்களில் அலைந்த அனாதைச் சிறுமியர் தீயோர் கையில் சிக்குவதாகச் செய்தி வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் இலையைத் தின்று காட்டில் கிடந்தவர் அதைக் கேட்டு எவ்வாறு இருப்பார்? பாஸ்டனுக்கு எழுதி விடை பெறக் காலமில்லை. கையிருப்பும் இல்லை. அவர் நேரே சென்று, முந்நூறு சிறுமியரை அழைத்துக்கொண்டு வந்தார். பூனாவில் அப்பொழுது கொள்ளைநோய் பரவியிருந்தமையால், கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளை நகருக்குள் கொண்டுவர அதிகாரிகள் இசையவில்லை. ஆகவே கேடுகாமின் தோட்டமே அவர்கட்கு வீடாயிற்று. முதலில் குடிசைகளும் கூடாரங்களும், பின்னர்க் கற்கட்டடங்களும் எழுந்தன. முக்தி என்று அவ்விடத்திற்குப் பெயரிட்டார். சாரதா சதனத்தைப்போல் அன்றி, முக்தி வெளிப்படையாகவே கிறித்தவ நிலையமாக அமைந்தது.

1898ஆம் ஆண்டில் அவர் மீண்டும் அமெரிக்கா சென்றார். பத்து ஆண்டுக் கணக்கு அவையில் வைக்கப்பெற்றது. சாரதா சதனத்தில் பயின்றவர்களுள் ஆசிரியைகளானவர் உளர், செவிலியரானவர் உளர், மறுமணம் புரிந்து இல்லறம் நடத்துபவரும் உளர். கொடுத்தவர் அக்கணக்கை ஏற்றனர். பழைய சங்கம் முடிவெய்த, அமெரிக்க இரமாபாய் சங்கம் என்னும் புதிய சங்கம் தோன்றியது. 1900ஆம் ஆண்டில் கூர்ச்சர நாட்டைப் பஞ்சம் தாக்கியபொழுது முக்தியின் பிள்ளைகள் இரண்டாயிரத்தை நெருங்கினர். கண்பார்வை அற்ற பெண்களுக்கும் அங்கே தடவிப் படிக்கும் முறை கற்பிக்கப்பெற்றது. நெசவு, அச்சுத்தொழில், பால்பண்ணை, தோட்டவேலை ஆகிய யாவும் பெண்களாலேயே நடைபெற்றன. உடலுழைப்பு இழிவு என்று எண்ணிய குலத்தில் பிறந்து, அவ்வெண்ணத்தால் பெற்றோரை இழந்தவர் அமைத்த இல்லத்தில், கையால் உழைக்காதவர் எவரும் இலர்.

சாரதா சதனத்தின் முதற் கைம்பெண் மாணவியாகிய கோதுபாயின் வரலாறும் கூறத்தக்கது. அவர் 1893ஆம் ஆண்டில் பேராசிரியர் தோண்டோ கேசவ கார்வேயை மறுமணம் புரிந்து ஆனந்திபாய் என்னும் புதுப்பெயர் பெற்றார். இம்மணத்திற்காகக் கார்வேயின் பிறந்த ஊரார் அக்குடும்பத்தை விலக்கி வைத்தனர். கார்வே 1896ஆம் ஆண்டில் பூனாவில் கைம்பெண்களுக்கென ஓர் இல்லம் கண்டார். இந்துக் குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்று நடந்த அவ்வில்லம், பின்னாளில் பெண்கள் பல்கலைக்கழகமாக வளர்ந்த பெருமுயற்சிக்கு விதையாயிற்று. அவ்வில்லத்திற்கு ஆனந்திபாய் வீடுவீடாகச் சென்று நிதி கேட்டார். அவர்தம் தங்கை பார்வதிபாய் ஆதவலே, தாமும் ஒரு கைம்பெண். நடுவயதில் ஆங்கிலம் கற்கத் தொடங்கி, மராட்டிய நாடெங்கும் சுற்றி, பின்னர் அமெரிக்கா வரை சென்று அவ்வில்லத்திற்குப் பொருள் திரட்டினார். இரமாபாய் வழிபாட்டால் பிரிந்து நின்றவர்கள், நிதி திரட்டும் முறையில் அவரைப் பிரியவில்லை.

இரமாபாயின் இறுதி ஆண்டுகள் நூலாராய்ச்சியில் கழிந்தன. விவிலியத்தை எளிய மராத்தியில் பெயர்க்கும் பணியை அவர் மேற்கொண்டார். எபிரேயமும் கிரேக்கமும் அதற்காகவே கற்றார். அச்சுக் கோத்தவர்களும் முக்தியின் பெண்களே. 1919ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்குக் கைசரி இந்துப் பொற்பதக்கம் வழங்கியது. தமக்குப்பின் முக்தியைத் தாங்குவாரென நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா, 1921ஆம் ஆண்டு சூலைத் திங்களில், நாற்பது வயதில், தாய்க்கு முன்னே மறைந்தார். தாய் அச்சுப்படிகளைத் திருத்தும் வேலையை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு ஏப்பிரல் திங்கள் 5ஆம் நாள், கேடுகாமில், தாம் நட்ட மரங்களின் நடுவே இரமாபாய் உயிர்நீத்தார்.